முகத்துக்குப் பக்கத்தில் பார்த்தவர்

போர் நடந்த தொண்ணூறுகளில் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒரு பொடியனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனால், அவன் தங்கியிருந்த வீட்டுக்காரர் முதலில் வந்து கதவைத் தட்டுவது என் மாமா றேமண்ட் சவுந்தரநாயகத்தின் வீட்டில்தான். மாமா துறைமுகத்தில் ரலி கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கிரேன் தூக்கி இறக்கும் சாமான்களைக் கப்பலின் மேல்தட்டில் நின்று பார்த்து அட்டையில் குறிக்கிற வேலை அது. அங்கே பழகிய சிங்களம் அவருடையது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தமிழர் கதைப்பதாகத் தெரியாது. அதைவிட, அவர் கத்தோலிக்கர். நீளக்கை வெள்ளைச் சேட்டைப் போட்டு, கழுத்துச் சிலுவை தெரியும்படி மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு போவார். சிலுவையைக் கண்டால் பொலிஸ் கொஞ்சம் மெதுவாகக் கதைக்கும் என்று அந்தக் குறுகிய ஒழுங்கையில் குடியிருந்த எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் அப்படியா என்று எனக்குத் தெரியாது.

பொலிஸ் நிலையத்தில் அவர் செய்வது பெரிய காரியம் அல்ல. "இவர் இன்ன வீட்டில் இருக்கிறவர், நான் கண்டு பழகியவர்" என்று சொல்லிக் கையெழுத்து வைப்பார். பொடியனை வெளியே விடுவார்கள். வடக்கிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த எத்தனையோ பேர் அந்தக் கையெழுத்தினால் வீடு திரும்பினார்கள். சந்திக்குச் சந்தி இருந்த காவற் சாவடிகளுக்காக, திரும்பி வரும் வழியில் அவர்களுக்கு அவர் சொல்லுகிற புத்தி ஒன்றுதான்: "சென்றியில நிக்கிறவன் கேட்டா முகத்தை நேர பாத்துக் கதை. நிலத்தைப் பாத்தியெண்டா நீ கள்ளன்."

நான் அப்போது கனடாவில் ஸ்காபறோவுக்கு வந்துவிட்டேன். மாமாவின் மனைவி, என் அப்பாவின் அக்கா புளோறன்ஸ் மாமி தொலைபேசியில் சொன்னதையும், சில வருடங்கள் கழித்து நான் போனபோது மாமா தானே சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தொலைபேசியில் ஒருவரும் பெயர் சொல்லமாட்டோம். "எங்கட முன் அறைக்காரருக்குச் சுகமோ" என்று நான் கேட்டால், அங்கே ஒருவரும் பிடிபடவில்லையா என்று அர்த்தம்.

மாமாவின் கண் கெடத் தொடங்கியது அந்தக் கையெழுத்துகளுக்கு வெகு காலம் முன்பு. துறைமுகத்தில் வெயில் மேலே இருந்து மட்டும் வருவதில்லை. தண்ணீரில் பட்டு ஒரு பங்கு, கப்பலின் இரும்புத் தட்டில் பட்டு இன்னொரு பங்கு, கீழிருந்தும் கண்ணுக்குள் வரும். தொப்பி போட்டாலும் அதை மறிக்க முடியாது. ஐம்பது வயதுக்குள்ளேயே இரண்டு கண்ணிலும் வெண்புரை. எண்பத்தாறில் வெட்டி எடுத்தார்கள். அந்தக் காலத்தில் புரை பிடித்த வில்லையை எடுத்த இடத்தில் புதிதாக ஒன்றை எல்லோருக்கும் வைப்பதில்லை. வெறும் கண்ணுக்கு முன்னால் போத்தல் அடிபோல் தடித்த கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்லி அனுப்பினார்கள். அந்தத் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் மாமாவின் கண்கள் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

கறுப்புக் கண்ணாடியும் வாங்கினார். புறக்கோட்டை நடைபாதையில் விற்கிற, தடித்த கண்ணாடிக்கு மேலே கொழுவிக்கொள்ளும் பிளாஸ்ரிக் துண்டு. துறைமுகத்தில் குண்டுப் பயம் வந்த பிறகு வாசலில் நிற்கிறவர்கள் அதைக் கழற்றச் சொல்வார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட தமிழரை யாருக்கும் பிடிக்காது. ஒரு நாளைக்கு எத்தனை வாசல், எத்தனை சென்றி. கழற்றிக் கொழுவி, கழற்றிக் கொழுவி, கடைசியில் அதை அலுமாரிக்குள் போட்டுவிட்டார்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு அவருக்கு ஒரு புது விஷயம் நடந்தது. வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஈ பிடிக்கிற விளக்கு ஒன்று தொங்கும். மற்றவர்களுக்கு அது மங்கலான ஊதாக் குழாய். மாமாவுக்கு அது கண் கூசுகிற வெளிச்சம். அதற்கு எதிரே இருக்கமாட்டார். கப்பல் திருத்துகிற இடத்தில் வெல்டிங் பிடிக்கும்போது நெருப்பைச் சுற்றி ஒரு நீல வெள்ளை வட்டம் தெரிகிறது என்று மாமியிடம் சொன்னார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்ல" என்றாள் மாமி.

"உனக்குத் தெரியாது. கர்த்தர் எனக்கு ஒரு நிறம் கூடத் தந்திருக்கிறார்."

"அப்ப அந்த நிறத்தில எனக்கு ஒரு சாறி எடுத்துத் தாங்கோ."

அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குச் சொன்னவர் டொக்டர் ஸாலிஹ். மருதானையில் கண் பார்க்கிறவர். தொண்ணூற்றாறின் கடைசியில் மாமா அவரிடம் தனியே போனார். மாமிக்குச் சொல்லவில்லை. மாதா கோவில் தரையில் நேராக ஓடுகிற ஓட்டு வரிசை நடுவில் வளைந்துபோய்த் தெரிகிறது என்பதில் தொடங்கி, இப்போது யாருடைய முகத்தை நேரே பார்த்தாலும் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறை நிற்கிறது என்பது வரை சொன்னார். கறையைச் சுற்றி எல்லாம் தெரிகிறது. காது தெரிகிறது, கொலர் தெரிகிறது. காதுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தால் முகம் மங்கலாக வந்து நிற்கிறது.

டொக்டர் வெளிச்சம் அடித்து நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"நீங்க கண்ட அந்த நிறம் இரிக்கே, அது மத்தவங்கட கண்ணுக்குள்ள போறல்ல. ஊதாவுக்கு அங்கால இரிக்கிற கதிர். கண்ணுக்குள்ள இரிக்கிற வில்லை அதை மறிச்சுக் குடிச்சிரும். ஒங்களுக்கு அந்த வில்லை இல்ல. அது நேர உள்ளுக்குப் பெய்த்து விழித்திரையில விழுது."

"விழுந்தா?"

விழித்திரையில் ஒளியைப் பிடிக்கிற கலங்கள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் நுனி முழுக்கக் கொழுப்பு. பலமான கதிர் படும்போது அந்தக் கொழுப்பு ஒட்சிசனோடு சேர்ந்து கெட்டுப்போகிறது, எண்ணெய் காறிப்போவதுபோல. கெட்ட நுனிகளை அவற்றுக்குப் பின்னால் நிற்கும் இன்னொரு வரிசைக் கலங்கள் தின்று துப்புரவு செய்கின்றன. வயது போகப் போக அந்தத் துப்புரவுக் கலங்களுக்குள் செரிக்காத கழிவு சேருகிறது. சேர்ந்த கழிவின் மேல் அதே கதிர் படும்போது கழிவே நஞ்சாகிறது. துப்புரவுக் கலம் செத்தால் அதை நம்பி நிற்கிற கலங்களும் சாகும். செத்தது திரும்ப முளைக்காது. நேரே பார்க்கிற நடு இடத்தில்தான் இந்தச் சாவு முதலில் தெரியவரும். முகம், எழுத்து, ஊசிக் காது எல்லாவற்றையும் பார்க்கிற இடம் அது. இதைத்தான் டொக்டர் தன்னுடைய தமிழில் சொன்னார். மாமா என்னிடம் சொன்னபோது துப்புரவுக் கலங்களை "நகரசபைக்காரர்" என்றார்.

"வெயில் மட்டும்தான் காரணமெண்டு நான் சொல்ல மாட்டன்" என்றார் டொக்டர். "வயசு இரிக்கி, நீங்க குடிச்ச சிகரட் இரிக்கி, ஒங்கட குடும்பத்தில யாருக்கும் இருந்திருக்கும். ஆனா இவ்வளவு வருஷம் கடல் வெயிலில நிண்டது, பொறகு வில்லையும் இல்லாம நிண்டது, அது சும்மா போகாது."

"கறுப்புக் கண்ணாடி போட்டனான் டொக்டர். கொஞ்சக் காலம்."

"எங்க வாங்கின?"

"புறக்கோட்டையில."

"அது வெளிச்சத்தைக் குறைக்கும், இந்தக் கதிரைக் குறைக்காது. இருட்டெண்டு நெனச்சு ஒங்கட கண்மணி பெருசாத் தொறக்கும். இன்னும் கூட உள்ளுக்குப் போகும்." டொக்டர் சிரிக்கவில்லை. "கதிரை மறிக்கிற கண்ணாடி ஒண்டு எழுதித் தாறன். போனது போனதுதான். இரிக்கிறதை வச்சுக் கொள்ளலாம். வீட்டில ஆளைக் கூட்டிட்டு வாங்க, நான் சொல்றன்."

மாமா கண்ணாடி செய்யவும் இல்லை, மாமியைக் கூட்டிக்கொண்டு போகவும் இல்லை. அவருக்கு அது ஒரு நோய் மட்டும் அல்ல. முகம் தெரியாத ஒருவருடைய "நான் கண்டு பழகியவர்" என்ற சொல்லைப் பொலிஸ் எதற்கு எடுக்கும்? ஒழுங்கையில் அவரைத் தவிர அந்த வேலைக்கு யாரும் இல்லை. ஆகவே அவர் தொடர்ந்து போனார். அறைக்குள் நுழைந்ததும் பொடியன் "அங்கிள்" என்று எழுந்துவிடுவான். குரல் வந்தால் போதும். கையெழுத்து வைக்கிற இடத்தைச் சார்ஜன் விரலால் காட்டுவார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தொண்ணூற்றெட்டில் அவர் வீட்டு முன் அறையில் இருந்தவன் சிவபாலன். மன்னார்ப் பொடியன், மருதானையில் ஒரு கடைசல் பட்டறையில் வேலை. ஒரு நாள் விடியவே ஒழுங்கையைச் சுற்றி வளைத்து, பொலிஸில் பதிவு இருக்கிறவர், இல்லாதவர் என்று பாராமல் இளம் ஆண்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாமா சேட்டை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். பொடியன் ஒன்றும் சாப்பிடவில்லை என்று மாமி பாணும் சம்பலும் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். அது வழக்கம் இல்லை. பெண்கள் வந்தால் அழுவார்கள், காரியம் கெடும் என்று மாமா அவளை எப்போதும் வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவார். அன்று அவர் மறித்தும் அவள் கேட்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் புதிய பொறுப்பதிகாரி. சிவபாலனுடைய அடையாள அட்டையில் மழைத்தண்ணீர் புகுந்து படம் கரைந்திருந்தது. அதில் இருக்கிற பெயர் இவனுடையதுதான் என்று எப்படி நம்புவது என்று அவர் கேட்டார். வேறு ஆளின் அட்டையோடு ஒருவன் பிடிபட்ட செய்தி அந்த வாரம்தான் பேப்பரில் வந்திருந்தது.

"நான் அவனை அறிவேன், மஹத்தயா" என்று மாமா சிங்களத்தில் சொன்னார். "என் வீட்டில் இருக்கிறவன்."

"நல்லது. அப்படியென்றால் காட்டும்" என்றார் அதிகாரி.

முற்றத்தில், வெள்ளையடித்த மதிலோடு பிடித்து வந்தவர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று கட்டளை. மாமா வீட்டுச் சிவபாலன் யார் என்று அவர் போய்க் காட்டவேண்டும். காட்டினால் கூட்டிக்கொண்டு போகலாம். காட்ட முடியாவிட்டால் அட்டை பொய், ஆள் பொய். அன்று பின்னேரமே தெற்கே தடுப்பு முகாமுக்கு லொறி போகிறது.

ஒன்பது மணி வெயில் மதிலில் பட்டுத் திரும்பியது. அந்த வெளிச்சத்தில் கறை இன்னும் பெரிதாகும். மாமா வரிசையின் முன்னால் நடந்தார். நேரே பார்த்தால் சேட்டுகளுக்கு மேலே ஒன்றும் இல்லை. தலையைத் திருப்பி, ஒவ்வொருவனுக்கும் பக்கத்துச் சுவரைப் பார்த்தார்.

"ஏன் மிஸ்டர் சுவரைப் பார்க்கிறீர்?" என்றார் அதிகாரி பின்னாலிருந்து. "ஆளைப் பாரும். அவனை நேரே பார்க்க ஏன் பயப்படுகிறீர்?"

மாமா நேரே பார்த்தார். கறை. அவருடைய பெரிய கண்கள் ஒன்றையும் பிடிக்காமல் ஒருவன் முகத்தின் மேல் நின்றன. சிவபாலனின் உயரம்தான். நீலச் சேட்டு; சிவபாலனிடமும் நீலச் சேட்டு ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அதைத்தான் போட்டிருந்தானா என்று தெரியாது. கொஞ்சம் தள்ளி இன்னொரு நீலம் நின்றது. ஒருவன் காலை மாற்றி வைத்த சத்தம் கேட்டது. காலின் சத்தத்தில் பெயர் இல்லை.

கையைத் தூக்கி ஒருவனைக் காட்டிவிடலாம் என்று நினைத்ததாக மாமா என்னிடம் சொன்னார். சரியாக இருந்தால் சரி. பிழையாகப் போனால், யாரோ ஒருவன் இவருடைய பிள்ளையாக வெளியே வருவான். சிவபாலன் பெயர் இல்லாதவனாக லொறியில் ஏறுவான். கண் தெரியாது என்று சொன்னாலும் அதேதான், சாட்சி இல்லை. அதோடு, முந்தி வைத்த கையெழுத்துகளும் காற்றில் போகும்.

அவர் கையைத் தூக்கவில்லை. திரும்பி வந்து அதிகாரிக்கு முன்னால் நின்றார்.

"மஹத்தயா, எனக்கு முகங்களைக் காண ஏலாது. கண்ணின் நடு செத்துப்போய்விட்டது. ஓரம்தான் வேலை செய்கிறது. அதனால்தான் சுவரைப் பார்த்தேன்."

"இப்போது என்னைக் காண்கிறீரா?"

"உங்களைப் பார்த்தால் தலை இல்லை. உங்கள் தோளுக்கு அங்காலே பார்த்தால் தலை இருக்கிறது. நேரே பார்த்தாலும் தெரிகிறது, சட்டைப் பையில் இரண்டு பேனை."

ஒரு கொன்ஸ்ரபிள் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை.

"போன மாதம் இங்கே வந்து கையெழுத்து வைத்திருக்கிறீர். அதற்கு முன்னும். சார்ஜன் சொல்லுகிறார். எல்லாம் கண் இல்லாமலா?"

"குரல் இருந்தது, மஹத்தயா. எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளின் குரல்."

"குரலுக்கு நான் கையெழுத்து வாங்குவதில்லை."

மாமி வாசலில் பாணோடு நின்றாள். மீன் வாங்குகிற அளவுக்குத்தான் அவளுக்குச் சிங்களம். ஆனால் கண் என்ற சொல்லும், இல்லை என்ற சொல்லும் அதற்குள் அடக்கம். அவள் காவல்காரனைத் தாண்டி முற்றத்துக்குள் வந்தாள்.

"நான் காட்டுறன்" என்று தமிழில் சொன்னாள்.

இது யார் என்று அதிகாரி கேட்டார். மாமா சொன்னார். அதிகாரி தோளை அசைத்து வரிசையைக் கையால் காட்டினார்.

மாமி வரிசைப்படி போகவில்லை. முற்றத்தைக் குறுக்கே கடந்து நேரே ஒருவன் முன்னால் போய் நின்றாள். மாமா தயங்கி நின்ற ஆளுக்கு இரண்டு பேர் தள்ளி.

"இந்தா நிக்கிறான். நேற்று இரவு முட்டை பொரிச்சுக் குடுத்தனான், உப்பு இல்லையெண்டு சொன்னவன்." பிறகு அவனிடம், "பொத்தானைப் பார், மாறிப் பூட்டிக்கொண்டு நிக்கிறாய்" என்றாள்.

சிவபாலன் பொத்தானைக் குனிந்து பார்த்தான். அழுதுவிடுவான்போல் இருந்ததாம்.

அதிகாரி அவளிடம்தான் கையெழுத்து வாங்கினார். மாமாவிடம், "நீர் இனிமேல் சாட்சிக்கு வரவேண்டாம். கதைப்பதற்கு வேண்டுமென்றால் வாரும்" என்றார்.

மூன்று பேரும் நடந்துதான் வந்தார்கள்.

"எவ்வளவு நாளா?" என்று மாமி கேட்டாள்.

"கொஞ்ச நாள்."

"மீன் முள்ளு எடுத்துத் தந்தா ஏன் கோவிக்கிறீங்களெண்டு இப்பதான் விளங்குது."

"அது வேற."

"என்ன வேற? போன ஞாயிறு பூசையில சமாதானம் சொல்லேக்க பக்கத்து வாங்கில டோறின் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறாள், நீங்கள் தூணுக்குக் கை குடுக்கிறீங்கள். அவளோட ஏதோ கோவமெண்டு நினைச்சு நான் அவளுக்குக் கட்லெட் கொண்டுபோய்க் குடுத்தனான்."

சிவபாலன் சிரித்தான். சிரித்துவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள்" என்றான்.

"சிரி, சிரி" என்றார் மாமா. "தூணும் பேசாமத்தான் வாங்கினது."

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு ஸ்ரீஸ்கந்தராசா வந்தார். அவருடைய தங்கை மகனுக்காக முந்தின மாதம் மாமா கையெழுத்து வைத்திருந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"இனி அவங்கள் பழைய ஆக்களையும் கூப்பிடுவாங்கள். கண் தெரியாத மனிசன் வச்ச கையெழுத்தெண்டு."

"கூப்பிடலாம்" என்றார் மாமா.

"நீங்கள் வாயை மூடிக்கொண்டு ஒருத்தனைக் காட்டியிருக்கலாமே."

"காட்டியிருக்கலாம். நான் காட்டப் போனவன் ஆற்ற பிள்ளையெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

ஸ்ரீஸ்கந்தராசா செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அவர் பயந்தது முழுக்கப் பிழை அல்ல. இரண்டு பேரை மீண்டும் கூப்பிட்டு விசாரித்தார்கள், பின்னேரம் விட்டுவிட்டார்கள். அவருடைய குடும்பம் தங்கை மகனையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைப் பக்கம் வீடு மாறியது. போகும்போது மாமி வாசலில் நின்றாள். அவர்கள் மாமியிடம் மட்டும் சொல்லிக்கொண்டார்கள். அந்த வாரம் நான் மூன்று தடவை தொலைபேசி எடுத்தேன். "எல்லாருக்கும் சுகம்தான், நீ சல்லியைக் கரியாக்காத" என்று மாமி தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மாமாவை ஒருவரும் தேடி வரவில்லை. மாமி அவரை டொக்டர் ஸாலிஹிடம் கூட்டிக்கொண்டு போய், கதிரை மறிக்கிற கண்ணாடியைச் செய்வித்தாள். மஞ்சள் பூசிய கண்ணாடி. வெள்ளவத்தைக் கடையின் ஈ விளக்கு அதற்குப் பின் அவருக்கும் மங்கிய குழாயாகத்தான் தெரிந்தது. கறை குறையவில்லை. ஓரம் மிஞ்சியது.

இரண்டு மாதம் போயிருக்கும். மழை நாள். கதவைத் தட்டியவள் அதே ஒழுங்கையில் இருக்கிற ஐறீன். அவள் வீட்டு மேல்மாடியில் இருந்த பொடியனை ஜிந்துப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் மாமாவைத் தாண்டி உள்ளே பார்த்துக் கேட்டாள்:

"புளோறன்ஸ் அன்ரி இல்லையோ?"

மாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். அந்தப் பொடியனை அவளுக்குத் தெரியும். பாண் கடையில் ஒவ்வொரு நாளும் காண்கிறவள். உடுப்பு மாற்றப் போனவள் திரும்பி வந்து மாமாவைப் பார்த்தாள்.

"என்ன இருக்கிறீங்கள்? சேட்டைப் போடுங்கோ."

"என்னை வரவேண்டாமெண்டு சொன்னவர்."

"சாட்சிக்கு வரவேண்டாமெண்டவர். கதைக்க வரச்சொன்னவர்தானே. நான் அங்க போய் மீன் விலையே கேக்கிறது?"

மாமா எழுந்து போய்ச் சேட்டைப் போட்டார்.

அதே அதிகாரிதான் இருந்தார். மேசைக்கு முன்னால் மாமி நடுவிலும் மாமா பக்கத்திலும் நின்றார்கள். ஐறீன் பின்னால். பொடியனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாமி அவனை மேலும் கீழும் பார்த்து, "ஓம், இவன்தான்" என்றாள். மாமா மொழிபெயர்த்தார். அதிகாரி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இந்த நோனாவின் கண்ணாவது சரியா, அதையும் பிறகு செத்துவிட்டது என்று சொல்வீர்களா என்று கேட்டார்.

"என்னவாம்?" என்றாள் மாமி.

"உன்ர கண் நல்லா வேலை செய்யுதோவெண்டு கேக்கிறார்."

மாமி அதிகாரியின் முகத்தைக் கொஞ்ச நேரம் நேரே பார்த்தாள்.

"மீசைக்கு அடிச்ச சாயம் இடப்பக்கத்துக் கன்னத்தில பட்டிருக்கெண்டு சொல்லுங்கோ."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பார்வையில் ஒரு குறையும் இல்லை, மஹத்தயா" என்று சிங்களத்தில் சொன்னார்.

அதிகாரி கையெழுத்துப் புத்தகத்தைத் திருப்பி மாமியின் பக்கம் தள்ளினார்.